பலி கொடுக்கும் டெக்: டெய்சாவா, மெரெனா, கோர்வோல்டா?

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டில், ஒரு தலைவர் கார்டும் தொண்ணூற்றொன்பது கார்டும் வைத்து ஆடும் கமாண்டர் ஆட்டத்துக்கு, சொந்தக் கார்டுகளையே பலி கொடுத்துப் பலன் பெறும் பலி டெக் (கார்டுக் கட்டு) கட்ட உட்கார்ந்தால், முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பலி கொடுப்பது வேறு, சாவது வேறு. சாவது என்றால் விதிப்படி கிரீச்சர் (உயிரினக் கார்டு) ஆடுகளத்திலிருந்து கல்லறைக்கு, அதாவது கழித்த கார்டுகளின் குவியலுக்கு, போக வேண்டும். பலி கொடுப்பதற்கு அந்த நிபந்தனை கிடையாது. கார்டு எங்கே போனாலும் பலி பலிதான். தலைவர் கார்டுகளில் டெய்சா கார்லோவும் மெரெனும் சாவை எண்ணுகிறார்கள். கோர்வோல்ட் என்ற டிராகன் பலியை எண்ணுகிறது; ஒரு பலிக்கு ஒரு கார்டு எடுக்கலாம்.

யாராவது இரண்டே மானாவில் (கார்டு இறக்கச் செலவாகும் சக்தி, பெரும்பாலும் நிலக் கார்டு தருவது) 'ரெஸ்ட் இன் பீஸ்' கார்டைப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்லறைக்குப் போக வேண்டியதெல்லாம், டோக்கன் (கார்டுக்குப் பதிலாகக் களத்தில் வைக்கும் அடையாளம்) உட்பட, நாடு கடத்தப்படும், அதாவது கல்லறைக்குப் போகாமல் ஒதுக்கி வைக்கப்படும். எதுவும் சாகாது. டெய்சா வாயடைத்து நிற்பார், மெரென் அதைவிட மோசம். கோர்வோல்டோ எதுவும் நடக்காததுபோல் கார்டு எடுத்துக்கொண்டே இருக்கும்.

அதுமட்டுமில்லை. கோர்வோல்டுக்குக் கிரீச்சர்தான் வேண்டும் என்பதில்லை. மானா தரும் ட்ரெஷர் டோக்கனை உடைத்தால் ஒரு கார்டு, ஃபுட் டோக்கனைத் தின்றால் ஒரு கார்டு. சில்லறை விலைக்குக் கிடைக்கும் எவால்விங் வைல்ட்ஸ் நிலத்தைப் பலி கொடுத்து வேறு நிலம் தேடினாலும் ஒரு கார்டு. மூன்றில் பலம் அதிகம் இதற்குத்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஐந்து மானா. இறங்கும்போதே இன்னொன்றைப் பலி கொடுத்தாக வேண்டும். ஒருமுறை கையில் உருப்படியாக எதுவும் இல்லாமல் அவசரப்பட்டு இறக்கி, என் நிலத்தையே காவு கொடுத்தேன். அடுத்த ஆள் டிராகனைக் கொன்றுவிட்டார். மறுபடி இறக்க, தலைவர் கார்டுக்கான கூடுதல் இரண்டும் சேர்த்து, ஏழு மானா, என்னிடமோ நான்கே நிலம்.

டெய்சாவுக்கு நான்கு மானா, கறுப்பு வெள்ளை. சாவினால் உங்கள் கார்டுகளில் தானாக நடக்கும் விளைவு (ட்ரிக்கர்) எல்லாம் இன்னொரு முறை நடக்கும். சாவு ஒன்றுக்கு எதிராளிகளிடம் ஆளுக்கு ஓர் உயிர் பறிக்கும் ஜூலபோர்ட் கட்த்ரோட், க்ரூயல் செலிப்ரன்ட் இரண்டும் களத்தில் இருந்தால், உங்கள் கிரீச்சர் ஒன்று செத்தாலே ஒவ்வொரு எதிராளிக்கும் நான்கு உயிர் குறையும். பத்து டோக்கன் போதும், நாற்பது உயிரோடு இருந்த மூன்று பேரும் காலி. பிட்டிலெஸ் ப்ளண்டரர் இருந்தால் ஒரு சாவுக்கு இரண்டு ட்ரெஷர் வரும்; ரீஅசெம்ப்ளிங் ஸ்கெலிட்டனைத் திரும்ப எழுப்பவும் சரியாக இரண்டு மானாதான். விசெரா சீயர் மாதிரி இலவசமாகப் பலி வாங்கும் கார்டு ஒன்றும் சேர்ந்தால் அந்த எலும்புக்கூடு செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டே இருக்கும்.

பிரச்சினை அந்த ஒன்றில்தான். டெய்சா தானாக யாரையும் பலி கொடுக்க மாட்டார். தொண்ணூற்றொன்பது கார்டில் பலி வாங்கும் கார்டு 8 வைத்தால், முதல் பதினொரு கார்டுக்குள், அதாவது நான்காம் முறைக்குள், ஒன்றாவது கைக்கு வரும் வாய்ப்பு சுமார் 62 சதவீதம். 11 வைத்தால் 75. நான் 11க்குக் கீழே இறங்குவதில்லை. அழகான டிராகன், பெரிய தேவதை என்று ஆசைக்குச் சேர்த்ததை எடுத்துவிட்டு இதற்கு இடம் கொடுங்கள்.

மெரென் பொறுமைசாலிகளுக்கு. அவர் களத்தில் இருக்கும்போது உங்கள் வேறு கிரீச்சர் செத்தால் கிடைக்கும் அனுபவக் கவுண்டர் அவர்மேல் இல்லை, உங்கள்மேல் இருக்கும். அவர் போனாலும் அது போகாது. அது கூடக் கூட, ஒவ்வொரு முறை முடியும்போதும் கல்லறையிலிருந்து இன்னும் பெரிய கிரீச்சரை அவர் எழுப்பலாம். சகுரா-ட்ரைப் எல்டரைப் பலி கொடுத்து நிலம் எடுப்பது, முறை முடியும்போது அதை எழுப்புவது, மறுபடி பலி கொடுப்பது. பலி கொடுத்தால் அந்த முறையின் தாக்குதல் சேதத்தைத் தடுக்கும் ஸ்போர் ஃப்ராக்கையும் இப்படிச் சுழற்றலாம். சுற்றுக்கு ஒரு ஆளின் தாக்குதல் வீண். இரண்டு சுற்றுக்கு மேல் செய்தால் மேஜையில் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், முதல் பலி டெக்குக்கு டெய்சா. எது சரியாக ஓடவில்லை என்பது தனியாக உட்கார்ந்து நான்கு முறை தொடக்கக் கார்டுகளை எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கோர்வோல்ட்தான் வேண்டும் என்றால் ஐந்தாவது நிலத்தோடு கூட ஒரு ட்ரெஷரையும் கையிருப்பில் வைத்துக்கொண்டு இறக்குங்கள்.