பழைய காரின் டேஷ்போர்டு நாப்கள்: சரிசெய்தவையும் புதிதாகப் போட்டவையும், சில வருடங்களுக்குப் பிறகு

என் பழைய காரில் ஹெட்லைட், வைப்பர் நாப்கள் (கையால் பிடித்து இயக்கும் குமிழ்கள்) வெளுத்துப் பழுப்பேறிக் கிடந்தன. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் நாப்பின் கழுத்தில் விரிசல். ஹீட்டர் நாப்களில் ஒன்றைக் காணவே காணோம். சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்தேன், மற்றதற்குப் புதிது போட்டேன். சில வருடம் ஓட்டிய பிறகு நான் உறுதியாகச் சொல்வது: வெளித்தோற்றம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஒரிஜினலைத் தூக்கிப் போடாதீர்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் நாப் மாட்டியிருக்கும் தண்டான ஷாஃப்டைப் பிடிக்கிற உள்பக்கம்தான், அதைச் சரிசெய்துவிடலாம்.

முதலில் அது என்ன பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் பேக்லைட் என்ற பழங்காலக் கெட்டிப் பிளாஸ்டிக்கிலிருந்து கார்பாலிக் சோப்பு போல ஒரு வாசனை வரும். பிற்காலத்து ஏபிஎஸ் பிளாஸ்டிக் நாப்பில் அது வராது. ஏபிஎஸ்ஸில் அசிட்டோன் பட்டால் மேற்பரப்பு கரைந்து பிசுபிசுத்துவிடும். அதனால் எதுவென்று தெரியாதவரை சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பேக்லைட் வெளுப்பது வெறும் அழுக்கு இல்லை. வெயிலில் மேல்தோல் சிதைந்து, உள்ளே கலந்திருக்கும் மரத்தூள் வெளியே தெரிகிறது. 1500, பிறகு 2000 எண் வாட்டர் பேப்பரால் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரமாகத் தேய்த்து பாலிஷ் போட்டேன். ஆழமான கருமை திரும்பியது, இன்றுவரை அப்படியே இருக்கிறது. உலர்வாக மட்டும் தேய்க்காதீர்கள். பழைய பேக்லைட் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், அதன் தூசி மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. எழுத்து அச்சடித்ததா, குழித்துச் செதுக்கியதா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள். அச்சு எழுத்து பாலிஷிலேயே போய்விடும். என்னுடையது செதுக்கியது. வெள்ளை எனாமலைக் குழிக்குள் தடவி, சற்று இறுகியதும் ஒரு அட்டைத்துண்டில் துணியை இழுத்துச் சுற்றி எழுத்துக்குக் குறுக்காகத் துடைத்தேன். மேலே இருந்தது போய், குழிக்குள் இருந்தது மட்டும் நின்றது. அந்தக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தபோது கிடைத்த சந்தோஷம் புது நாப் எதிலும் கிடைக்கவில்லை.

சோக் நாப்தான் பெரிய சோதனை, ஒவ்வொரு முறையும் பிடித்து இழுப்பது அல்லவா! கழுத்தைச் சுற்றி மெல்லிய நைலான் நூலை மெதுவாக இறுகும் எப்பாக்சிப் பசையில் நனைத்து நெருக்கமாகச் சுற்றினேன். ஷாஃப்ட் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் மெழுகு தடவிக்கொண்டேன். இதுவரை அசையவில்லை. அஞ்சு நிமிடத்தில் இறுகும் வகை சூட்டில் இளகும், இந்த வேலைக்கு ஆகாது.

புதிதாக வாங்கிய வைப்பர் நாப் பார்வைக்கு அச்சு அசல்தான். ஆனால் பழைய ஷாஃப்ட் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். வந்த நாப்பின் துளை 6. அழுத்தித் திணித்தால் கழுத்து பிளக்கும், அதனால் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக ராவிப் பெரிதாக்கினேன். அப்புறம் பொருத்தம் சரியாகிவிட்டது. ஆனால் ஓரத்துக் குரோம் பூச்சு, கை படும் இடத்தில் உரியத் தொடங்கியதும் அதை எடுத்துவிட்டு, பாலிஷ் செய்த பழையதையே மாட்டிவிட்டேன்.

காணாமல்போன ஹீட்டர் நாப்புக்கு, இருந்த இன்னொன்றை வைத்து சிலிக்கான் அச்சு எடுத்து, கறுப்பு நிறம் கலந்த எப்பாக்சி வார்த்தேன். வடிவம் துல்லியம், பளபளப்பு மட்டும் ஒரு மாற்று குறைவு. 3டி பிரிண்ட் செய்வதானால் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் வேண்டாம். அது 60 டிகிரி வாக்கில் இளகும், வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு அதையும் தாண்டும். ஏஎஸ்ஏ என்ற பிளாஸ்டிக் தாங்கும்.

கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், டேஷ்போர்டில் பள்ளம் விழும். நாப்புக்குப் பின்னால் ஒரு துணிப்பட்டையை விட்டு நேராக இழுத்தால் போதும். அதற்கு முன் பக்கவாட்டில் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்னத் திருகு) இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, இருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கிளிப்பைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், பல புது நாப்களோடு அது வருவதில்லை.