நைனாவின் ஜாக்கிக்குப் பதிலாக வந்த மூணு டன் ஜாக்கி: எட்டு மாத அனுபவம்

மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஹைட்ராலிக் ஃபிட்டராக இருக்கிறேன். பகலெல்லாம் 45 டன் வரை கன்டெய்னரைத் தூக்கி அடுக்குகிற ரீச் ஸ்டாக்கரோடு மல்லுக்கட்டுகிறவன், வீட்டில் சொந்த வேகன்-ஆரைத் தூக்க உருப்படியான ஜாக்கி இல்லாமல் ஒன்றரை வருஷம் ஓட்டினேன். யார்டு பசங்களுக்குத் தெரிந்திருந்தால் மானம் போயிருக்கும்.

ஜாக்கி இல்லாமல் இல்லை. நைனா அம்பாசடர் டாக்ஸி ஓட்டின காலத்தில், 1991-ல், புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்டில் வாங்கின பச்சை ட்ராலி ஜாக்கி (சக்கரத்தில் உருட்டுகிற ஹைட்ராலிக் ஜாக்கி) ஒன்று இருந்தது. ரெண்டு டன். ஒரு ஆள் தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். தெருவில் யாருக்கு டயர் பஞ்சரானாலும் "நைனா, ஜாக்கி குடு" என்று வந்து நிற்பார்கள். திருப்பிக் கொடுக்கும்போது துடைக்காமல் கொண்டுவந்தால் வாங்க மாட்டார்.

அதைக் கெடுத்தது நான்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். மாடிப்படிக்கு அடியில் இருந்த ஜாக்கி ரெண்டு நாள் முழுசாக மூழ்கிக் கிடந்தது. வடிந்ததும் வெளியே இழுத்துப் போட்டுக் கழுவி, கிரீஸ் அடித்து, பழைய இடத்திலேயே வைத்தேன். உள்ளே இருக்கிற ஆயிலை மாற்றவில்லை. யார்டில் இதே தப்பை ஒரு ஹெல்பர் பண்ணியிருந்தால் நானே கத்தியிருப்பேன்.

ஆறு மாசம் கழித்து பிரேக் ஷூ பார்க்கலாம் என்று காரைத் தூக்கினேன். தூக்கியது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், தொங்கிக்கொண்டிருந்த சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சந்தேகத்தில் மறுபடி தூக்கி, பக்கத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்திவைத்துப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் 40 மில்லிமீட்டர் இறங்கியது. வெளியே ஒரு சொட்டு ஆயில் ஒழுகவில்லை. அப்படியென்றால் உள்ளுக்குள்ளேயே திரும்பிப் போகிறது.

திறந்தேன். ஆயில் ஆறிப்போன டீ நிறத்தில், பால் ஏடு படிந்த மாதிரி இருந்தது. தண்ணீர் கலந்தால் இப்படித்தான் ஆகும். ஜாக்கியின் உள்ளே பெரிய வித்தை எதுவும் கிடையாது. கைப்பிடியை அமுக்கினால் ஒரு சின்ன பிஸ்டன் ஆயிலைப் பெரிய பிஸ்டனுக்கு அடியில் தள்ளும். வெர்னியர் வைத்து அளந்தேன்: சின்னது 12 மில்லி, பெரியது 36. குறுக்களவு மூணு மடங்கு, பரப்பு ஒன்பது மடங்கு, அதனால் விசையும் ஒன்பது மடங்கு. கைப்பிடியின் நீளம் கொடுக்கிற நெம்புகோல் பலம் தனி. தள்ளின ஆயில் திரும்பி வராமல் தடுப்பது பச்சைப்பயறு அளவு ஒரு எஃகு குண்டு. நைனா ஜாக்கியில் அந்தக் குண்டின் மேல் அம்மைத் தழும்பு மாதிரி துருப்புள்ளி. குண்டு உட்காரும் இடமும் அரித்திருந்தது. குண்டு ரெண்டு ரூபாய்க்குக் கிடைக்கும். அது உட்காருகிற இடத்தை எங்கே போய் வாங்குவது? லேத்து பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கடைஞ்சு குடுக்கிறேன் தலைவரே, பணம் வாங்கிக்கிறேன். ஆனா நீ கீழ படுத்தீன்னா நான் பொறுப்பில்ல."

புதுசு வாங்க முடிவு பண்ணி, முதலில் சோம்பேறித்தனமாக ஆன்லைனில் ஒரு சின்ன ரெண்டு டன் ஜாக்கியை வரவழைத்தேன். 2,600 ரூபாய், பிளாஸ்டிக் பெட்டியோடு. பெட்டியைத் திறந்ததுமே உள்ளே ஆயில் குளம். அதைக்கூட மன்னித்திருப்பேன். கைப்பிடி முழங்கை நீளம்தான். காருக்கு அடியில் கொஞ்சம் உள்ளே தள்ளினால் பம்ப் அடிக்க இடமில்லாமல் பம்பரில் இடிக்கிறது. மேலே 330 மில்லிக்கு மேல் போகாது. திருப்பி அனுப்பிவிட்டேன், பணம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "எத்தன டன்?" வீட்டுக் காருக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. என் வேகன்-ஆர் ஆளில்லாமல் 900 கிலோ சுமார். ஒரு மூலையைத் தூக்க அதில் பாதிகூட வராது. பார்க்க வேண்டியது, முழுசாக இறக்கினால் காரைத் தாங்குகிற தட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. நைனா ஜாக்கி 145 மில்லி. அம்பாசடருக்கு அது போதும். வேகன்-ஆரில் டயர் மொத்தமாகக் காற்றிறங்கினால் அடியில் நுழையவே நுழையாது. ஒவ்வொரு தடவையும் பலகை போட்டு, அதன் மேல் வண்டியை ஏற்றி, அப்புறம் ஜாக்கி. லோ ப்ரொஃபைல், அதாவது தாழ்வாக இறங்குகிற ஜாக்கி என்று கேட்டு வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஒரு சனிக்கிழமை தேரடியில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கி, லிங்கிச் செட்டித் தெருவுக்கு நடந்தேன். செயின் பிளாக், ஜாக்கி, வயர் ரோப் எல்லாம் வாசல் வரை அடுக்கி வைத்திருக்கிற பழைய கடை. பாய் மூணு ஜாக்கியை இழுத்துப் போட்டார். மூணு நிறம், மூணு ஸ்டிக்கர், மூணு விலை. குனிந்து பார்த்தால் வார்ப்பு, வால்வு, சக்கரம் எல்லாம் ஒரே அச்சு. "இன்னா பாய், மூணும் ஒரு தாய் வயித்துப் புள்ளயா?" என்றேன். சிரித்தார். "ஃபிட்டரா தம்பி? அப்போ நடுவுல இருக்கிறத எடுத்துக்கோ, அதுக்குத்தான் சீல் கிட் எங்கிட்ட இருக்கு." கம்பெனி பெயரை நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான். பெயரை வைத்து வாங்கினால் ஸ்டிக்கருக்குத்தான் காசு. சீல் கிட் (தேய்ந்தால் மாற்றுகிற ரப்பர் சீல் செட்) அந்தக் கடையிலேயே கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

வெறுமனே தூக்கி இறக்கிக் காட்டினால் நம்பாதீர்கள், பாரம் இல்லாமல் எந்த ஜாக்கியும் நல்ல ஜாக்கிதான். பாயிடம் கேட்டு, தட்டின் மேல் ஒரு பலகை போட்டு செயின் பிளாக் பெட்டி நாலை ஏற்றினோம். தட்டின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, ரெண்டு பேரும் முனைக் கடையில் டீ குடித்துவிட்டு வந்தோம். கோடு கோடாகவே இருந்தது. காரின் பாரத்துக்கு அது பக்கத்தில்கூட வராது, ஆனாலும் அசல் ஓட்டை உள்ளதென்றால் அங்கேயே தெரிந்துவிடும். 7,800 சொன்னார், 7,400-க்கு முடிந்தது. பில் உண்டு. 32 கிலோவை மெட்ரோவில் தூக்க முடியாது என்று ஆட்டோ பிடித்தேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து வீடு வந்து சேர ஒன்றேகால் மணி நேரம்.

அட்டைப்பெட்டியில் 80 மில்லி முதல் 500 மில்லி என்று போட்டிருக்கிறது. என் அளவில் 84 முதல் 492. அந்தப் பொய் பரவாயில்லை. ரெட்டை பம்ப் என்பதால் பாரம் தொடும் வரை சர்ரென்று ஏறுகிறது. நைனா ஜாக்கியில் இருபது அடி அடிக்க வேண்டிய இடத்தில் இதில் ஐந்து. முதல் நாள் மட்டும் கைப்பிடி மெத்தென்று அமுங்கியது. காற்று இருக்கிறது. ஜாக்கியை இறக்கத் திருப்புகிற ரிலீஸ் வால்வைத் திறந்துவிட்டு முழு நீளத்துக்குப் பத்து தடவை பம்ப் அடித்து, ரப்பர் மூடியைத் திறந்து பார்த்தால் ஆயிலும் குறைவு. 32 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் கொஞ்சம் ஊற்றியதும் சரியானது. வீட்டில் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் சீல் ஊறிப் பாழாகிவிடும்.

குறைகளும் உண்டு. ரிலீஸ் வால்வு முரட்டு வால்வு. கால் சுற்று வரை ஒன்றும் நடக்காது, அதற்கு மேல் ஒரு நூல் திருப்பினால் கார் தொப்பென்று இறங்கும். கை பழக ஒரு மாசம் ஆனது. பெயின்ட் சுத்த மோசம். கடலிலிருந்து எங்கள் வீடு நாலு தெரு. ரெண்டாவது மாசமே போல்ட் தலையெல்லாம் காவி நிறம். ரெண்டு துண்டுக் கைப்பிடி இணைப்பில் ஆடுகிறது. சக்கரம் எஃகு, போர்டிகோவில் நான் போட்ட பார்க்கிங் டைல்ஸில் ஒன்று விரிசல் விட்டுவிட்டது.

டைல்ஸ் போனதைவிட இதுதான் முக்கியம்: ட்ராலி ஜாக்கியின் தட்டு நேராக மேலே போகாது, வில் மாதிரி வளைந்து போகும். அதனால் தூக்கத் தூக்க ஜாக்கி காருக்கு அடியில் கொஞ்சம் உருண்டு வர வேண்டும். சக்கரம் டைல்ஸ் இடுக்கில் மாட்டிக்கொண்டால் ஜாக்கி நிற்கும், தட்டு நழுவும். ஒருநாள் கண்ணெதிரே ஒரு விரற்கடை நழுவியது. உடனே இறக்கிவிட்டேன். இப்போது மூணு மில்லி இரும்புத் தகடு ஒன்றைத் தரையில் போட்டு அதன் மேல்தான் ஓட்டுகிறேன்.

தட்டில் கம்பெனி கொடுத்த ரப்பர் மெல்லிசு. யார்டில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டில் ஒரு வட்டம் வெட்டி, நடுவே ஆக்சா பிளேடால் ஒரு காடி எடுத்தேன். காரின் ஓரத்தில் இருக்கிற தகட்டு விளிம்பு அந்தக் காடிக்குள் உட்காருகிறது, மடங்குவதில்லை. இவ்வளவு செய்தாலும் ஜாக்கியை நம்பி அடியில் போவதில்லை. 2,200-க்கு ஒரு ஜோடி ஸ்டாண்டும் அன்றைக்கே வாங்கினேன். ஜாக்கி தூக்கும், ஸ்டாண்ட் தாங்கும், தரையில் நிற்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. என் பையன் "போன் எடுக்கத்தானே பா" என்று ஒருநாள் தூக்கியிருந்த காருக்கு அடியில் கையை நீட்டினான். விட்ட அறையை இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

பச்சை ஜாக்கி இன்னும் மூணு மாசம் படிக்கட்டுக்கு அடியிலேயே கிடந்தது. "இன்னாங்க, ரெண்டையும் வச்சு குடும்பம் நடத்தப்போறீங்களா?" என்று வீட்டில் கேட்டபிறகு பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஆயிலை வடித்த பிறகு 27 கிலோ. கைப்பிடியை மட்டும் கொடுக்கவில்லை. வீல் ஸ்பேனருக்கு நீட்டுக் குழாயாக அது கச்சிதமாக உட்காருகிறது.