ஓரம் வெட்டாத பைண்டிங் கடை

மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது இந்தக் கடை. போர்டு கிடையாது. வாசலில் அடுக்கியிருக்கும் கணக்கு நோட்டுக் கட்டுகள்தான் அடையாளம். அப்பாவின் புத்தகத்தைக் கொடுத்து, பதினோரு நாள் கழித்து நேற்று வாங்கினேன்.

ஸ்காட்லாந்துக்காரர் கன்னிங்ஹாம் கிரஹாம் எழுதிய 'எ வானிஷ்ட் ஆர்கேடியா'. 1901இல் வந்தது. பராகுவேயில் 1607 முதல் 1767 வரை இருந்த இயேசு சபையாரைப் பற்றியது. அப்பா சரித்திர வாத்தியார். 1607க்குப் பக்கத்திலேயே பென்சிலில் எழுதியிருக்கிறார்: "முந்தின வருஷம் நொபிலி நம்ம மதுரைக்கு வந்தாச்சு." நொபிலியும் இயேசு சபைப் பாதிரியார்தான். புத்தகம் முழுக்க இப்படி ஓரக்குறிப்புகள். முன்பு வேறோர் இடத்தில் இன்னொரு புத்தகத்தைக் கொடுத்தபோது மூன்று பக்கமும் மெஷினில் வெட்டி, அப்பா கையெழுத்தில் பாதியைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். இன்னும் ஆறவில்லை.

இங்கே நான் வாய் திறக்கும் முன்னே, "ஓரத்துல எழுத்து இருக்கு சார், கட்டிங் வேணாம்" என்றார் பைண்டிங் அண்ணன். பாரம் பாரமாக, அதாவது மடித்த தாள் கட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, நைந்த மடிப்புகளில் மெல்லிய தாள் ஒட்டி, நூலால் தைத்திருக்கிறார். மைதா பசையில் துருசு (மயில்துத்தம்) சேர்ப்பதால் பூச்சி அண்டாதாம். முதுகுக்குப் பச்சை காலிகோ துணி. மேஜையில் விரித்தால் மூடிக்கொள்ளாமல் அப்படியே படுத்திருக்கிறது.

எனக்குக் கண் கலங்கியது கடைசித் தாளைப் பார்த்துத்தான். கிரஹாமின் வாழ்க்கையை அப்பா அதில் வருஷவாரியாக எழுதியிருந்தார். 1886, லிபரல் கட்சி எம்.பி. சுரங்கத் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை கேட்டவர். 1887 நவம்பர் 13, லண்டன் டிரஃபால்கர் சதுக்க ஆர்ப்பாட்டத்தில் போலீஸ் அடியில் மண்டை உடைந்தது. பிறகு ஆறு வாரம் பென்டன்வில் சிறை. இந்த வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு. 1888, தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டியோடு சேர்ந்து ஸ்காட்லாந்து தொழிற்கட்சி தொடங்கியது. 1934, ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் முதல் தலைவர், எண்பது தாண்டிய வயதில். 1936, பியூனஸ் ஐரிஸில் மரணம். இந்தக் கடைசி வரி இரண்டாகக் கிழிந்து கிடந்தது. இப்போது தடவிப் பார்த்தால்தான் ஒட்டுத் தெரிகிறது.

தங்க எழுத்து போடுவதில்லை. முதுகில் பெயரை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். நானூறு ரூபாய் வாங்கினார். அந்த வெட்டுப்பட்ட புத்தகத்தையும் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.