சோலாரில் ஓடும் வாட்டர்மேக்கர்: கரீபியக் கடலிலிருந்து ஓர் அனுபவம்

ஜெனரேட்டர் இல்லாத படகில் கடல்நீரைக் குடிநீராக்க முடியுமா? முடியும், பம்பு சரியான வகையாக இருந்தால். கிரெனடீன் தீவுகளில் நங்கூரமிட்டுக் கிடக்கும் எங்கள் பாய்மரப் படகில், கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர் கருவி சில பருவங்களாகச் சோலார் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. டொபாகோ கேஸ் போன்ற ஆளில்லாத் தீவுகளில் குழாயைத் தேடிப் பயனில்லை.

உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வின் வழியே கடல்நீரைத் தள்ளச் சுமார் 55 பார் அழுத்தம் வேண்டும். உள்ளே போவதில் பத்தில் ஒரு பங்குதான் நன்னீராகிறது. மிச்ச உப்புநீர் கிட்டத்தட்ட அதே அழுத்தத்தோடு வெளியேறுகிறது. சாதாரணக் கருவிகள் அந்த அழுத்தத்தை வால்விலேயே வீணாக்கிவிடும். எங்கள் பம்பு அதை மீட்டுப் பயன்படுத்தும் ரகம். விலை அதிகம்தான். ஆனால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியர் எடுத்துக்கொண்டு மணிக்குச் சுமார் 25 லிட்டர் தருகிறது. சிக்கனமான இருவருக்கு ஒரு நாளைக்கு அந்த 25 லிட்டர் போதும். படகில் மின்சாரத்தைத் தின்பது குளிர்பதனப் பெட்டி. பழி மட்டும் வாட்டர்மேக்கர் மேல்.

எப்போது ஓட்டுவது என்பதில்தான் சூட்சுமம். இங்கே கிழக்குக் காற்று வீசிக்கொண்டே இருப்பதால் படகின் முகமும் கிழக்கு நோக்கியே நிற்கும். சோலார் பேனல்கள் படகின் பின்புறத்தில். காலை வெயிலில் பாய்மரத்தின் நிழல் நேராக அவற்றின் மேல் விழுகிறது. ஒரு கீற்று நிழலே உற்பத்தியைப் பாதியாக்கப் போதும். நண்பகலுக்குப் பிறகு நிழல் விலகும், பேட்டரியும் நிறைந்திருக்கும், மிஞ்சும் மின்சாரத்துக்கு வேறு வேலை இருக்காது. கருவியை அப்போது ஓட்டினால் தண்ணீர்த் தொட்டியே இன்னொரு பேட்டரி. மழைக்காலத்தில் வெயில் ஏமாற்றும். ஆனால் அப்போது கூடாரத்துணியில் விழும் மழைநீரைப் பிடித்துக்கொள்ளலாம்.

பராமரிப்பு சலிப்பான வேலை. 2011 முதல் இப்பகுதியில் பெருமளவில் வந்து குவியும் சர்காசம் பாசி மிதக்கும் நாட்களில் 20 மைக்ரான், 5 மைக்ரான் வடிகட்டிகளை அடிக்கடி கழுவ வேண்டும். எண்ணெய் மிதக்கும் துறைமுகத்தில் கருவியைத் தொடவே கூடாது. சவ்வைக் கழுவும் நன்னீரில் குளோரின் இருந்தால் அந்தச் சவ்வே கெட்டுவிடும். குளோரினை நீக்கும் கரி வடிகட்டி கட்டாயம்.

வார இறுதியில் மட்டும் படகேறுபவர்கள் இதை வாங்க வேண்டாம். கடல்நீர் தேங்கி நின்றால் சவ்வில் நுண்ணுயிர் படியும். ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவி, நீண்ட நாள் போவதானால் மருந்திட்டு வைக்க வேண்டும். அவர்களுக்கு நாலு கேன் தண்ணீரே மலிவு.