மொட்டை முதுகும் தடுப்புக் கூண்டும்

பெங்களூர் அல்சூரில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மெஷினுக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக பட்டன் குவெயில் என்கிற குட்டிக் காடை ஒரு ஜோடி வளர்கிறது. சிவாஜிநகரில் ஒரு பறவைக் கடையில் வாங்கியது. மூன்று மாதம் கழித்து அதே கடையில் 1,850 ரூபாய்க்கு வாங்கிய தடுப்புக் கூண்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அந்தப் பையனோ வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவன்.

பெட்டைக்குப் பின்தலையிலிருந்து நடுமுதுகு வரை இறகே இல்லாமல் போனதால்தான் கூண்டு வாங்கவேண்டி வந்தது. ஐம்பது கிராம்கூடத் தேறாத உயிர், உரித்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்தது. எங்க வீட்டுக்காரர், "பாதி வேலையை அதுவே முடிச்சு வெச்சிருக்கு, மசாலாதான் பாக்கி" என்றார். இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

கடைப்பையன் பேன் என்று சொல்லி ஒரு பவுடரும் சொட்டு மருந்தும் கொடுத்தான். 240 ரூபாய் தண்டம். கூண்டுப் பேன் பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். அதனால் விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, வெள்ளை லைனிங் துணியால் இடுக்கெல்லாம் அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். பேன் இருந்தால் சிவப்புக் கறை படும். துணி வெள்ளையாகவே வந்தது. சேவலுக்கோ ஓர் இறகு குறையவில்லை. நீலச்சாம்பல் மார்பும் கழுத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டையுமாக மாப்பிள்ளை மாதிரி திரிந்தது.

அப்புறம்தான் கவனித்தேன். மேலே ஏறும்போதெல்லாம் சேவல் பெட்டையின் பின்தலையை அலகால் கவ்விக்கொள்கிறது. இறகு போன இடம் சரியாக அதுதான். நம்ம தொழிலைக் காட்டுவோமே என்று மல் துணியில் முதுகுக்கு ஒரு சட்டை தைத்தேன். கோழிக்கு அப்படிப் போடுவார்கள். இது போட்ட உடனே பின்னாலேயே நடக்க ஆரம்பித்தது. கழற்றிவிட்டேன்.

ஹெப்பாள் கால்நடைக் கல்லூரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். அங்கே டாக்டரம்மா கேட்டது இரண்டே கேள்வி: என்ன தீனி, எத்தனை மணி நேரம் வெளிச்சம்? தீனி வெறும் தினை. வெளிச்சத்தை எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. முகூர்த்த மாதம், ராத்திரி பதினொன்று வரை ட்யூப்லைட்டில் தைக்கிறேன். பதினான்கு மணி நேரம் வெளிச்சம் இருந்தாலே இவற்றுக்கு இனப்பெருக்கக் காலம்தான். நான் பதினேழு மணி நேரம் கொடுத்திருக்கிறேன். சேவலை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்?

சரி, கூண்டுக்கு வருகிறேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், நடுவில் உருவி எடுக்கிற கம்பித் தடுப்பு. இந்தத் தடுப்புக்காகவே காசு கொடுக்கலாம். தலை நுழையாத அளவுக்கு நெருக்கமான கண்ணி, ஆனால் ஒன்றையொன்று பார்க்கலாம். ஜோடியை வேறு அறையில் பிரித்து வைத்தால் இரண்டும் கத்தியே ஓய்ந்துபோகும். இதில் சேவல் இரண்டு நாள் மூன்று சுரத்தில் கூவியது. மூன்றாம் நாள் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஒட்டி உட்கார்ந்துவிட்டன.

மற்றபடி இது குவெயிலுக்காகச் செய்த கூண்டே இல்லை, லவ் பேர்ட்ஸ் கூண்டு. பயந்தால் இந்தப் பறவை நேராக மேலே எகிறும். மேலே வெறும் கம்பி என்றால் மண்டை கிழியும். கூரைக்கு உள்பக்கமாக ஸ்பாஞ்ச் வைத்துக் காடாத் துணி தைத்துக் கட்டினேன். அடியிலும் கம்பிவலை. இவை கிளையில் உட்காரா, நாளெல்லாம் தரையில்தான் நடக்கும், பாதம் புண்ணாகிவிடும். வலையை எடுத்துவிட்டுத் தட்டிலேயே உமி பரப்பி, புரண்டு குளிக்க ஒரு கிண்ணம் மணல் வைத்தேன். கம்பி முனைகள் வேறு ஓவர்லாக் போடாத துணி மாதிரி பிசிறிக்கொண்டு நின்றன. அரம் வாங்கி அரை நாள் தேய்த்தேன்.

ராத்திரி ஏழு மணிக்குக் கூண்டின்மேல் கறுப்புத் துணி. தினையைக் குறைத்து, 22 சதவீதப் புரதம் என்று மூட்டையில் அச்சிட்ட கோழிக்குஞ்சுத் தீவனம், நடுநடுவே அவித்த முட்டை. இறகே முக்கால்வாசிக்கு மேல் புரதம்தான், வெறும் தினையில் எங்கிருந்து முளைக்கும்? முட்டையிட்டு இளைத்ததற்குச் சுண்ணாம்புச் சத்துக்காகக் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, ஒரு துண்டு.

ஒன்பதாம் நாள் முதுகில் புள்ளி புள்ளியாகக் கறுத்தது. நாலைந்து நாளில் அவை குண்டூசி நீளத்துக்கு நீலம் கலந்த குச்சிகளாக நின்றன, கிட்டத்தட்ட முள்ளம்பன்றி. அந்தக் குச்சிக்குள் ரத்தம் ஓடும், ஒடிந்தால் கொட்டும், அதனால் கையில் எடுக்கவே இல்லை. பிறகு நுனியில் மெழுகு மாதிரி உறை உதிர, உள்ளே மடித்து வைத்த பழுப்பு இறகு விசிறி போல் விரிந்தது. உமியெல்லாம் வெள்ளைப் பொடுகு. ஐந்தாவது வாரம் முதுகு மூடிவிட்டது. கழுத்தோரம் மட்டும் நாலு மொட்டைக் காம்பு இன்னும் இருக்கிறது. அடியோடு பிடுங்கியது சீக்கிரம் முளைக்கும். பாதியில் ஒடிந்தது அடுத்த தடவை இறகு உதிர்க்கும்வரை அப்படியேதான் நிற்கும்.

ஆறாவது வாரம் தடுப்பை எடுத்தேன். பெட்டை ஒளிந்துகொள்ள இரண்டு கொட்டாங்குச்சியும் ஒரு கட்டுக் காய்ந்த புல்லும் உள்ளே வைத்தேன். நாலு நாள் ஒழுங்காக இருந்த சேவல், ஐந்தாம் நாள் அலகில் ஓர் இறகோடு நின்றது. மறுபடி தடுப்பு. இப்போது காலையில் நான் காஜா எடுக்கிற ஒரு மணி நேரம் மட்டும் கண்ணெதிரே சேர்த்து விடுகிறேன்.

கூண்டுக்கு ஐந்தில் இரண்டரை போடுவேன், தடுப்புக்கு மட்டும் ஐந்து. விசாரித்தபோது தடுப்பைத் தனியாகவே 350 ரூபாய்க்குத் தருவதாகப் பையன் சொன்னான். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? வீட்டில் ஒன்றரை அடி அகலத்தில் கூண்டு ஏதாவது இருந்தால் அளவெடுத்துக்கொண்டு போய்த் தடுப்பை மட்டும் கேளுங்கள். டேப்பைக் கையோடு கொண்டுபோங்கள், அவன் அங்குலத்தைக் கண்ணால்தான் அளக்கிறான்.