முட்டை மருந்து என்று மாவை விற்கிறார்கள், புறா வளர்ப்பவர்கள் கவனம்

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. அதைவிடப் பெரிய இழப்பு, என் பெட்டைப் புறா செத்து இன்றோடு நான்கு நாள். ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன், எழுத்து முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முட்டைக் கோளாறு உள்ள பெட்டைக்கு என்ன தீவனம் தர வேண்டும், எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வயதுப் பெட்டை. நன்றாக அடைகாத்து, தொண்டைப் பையில் ஊறும் புறாப் பாலைக் குஞ்சுக்கு ஊட்டி வளர்த்த பறவை. கொஞ்ச நாளாக முட்டை ஓடு மெலிந்து, உட்காரும்போதே நசுங்கிப்போய்விடும். உடைந்ததை நான் எடுத்துப் போட்டுவிடுவேன், ஜோடி உடனே மறுபடி சேரும், பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த முட்டை வந்துவிடும். இப்படியே மூன்று முறை. அதன் உடம்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், உருவிக்கொண்டே போகிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆளின் பெயரும் குழுவின் பெயரும் வேண்டாம். புறா வளர்ப்பவர்கள் ஏராளமாக இருக்கும் ஓர் அலைபேசிக் குழு, அதில் தன்னை இனப்பெருக்க ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு தினமும் முட்டையும் குஞ்சுமாகப் படம் போடுகிற ஒருவர். நசுங்கிய முட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் அழைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "முதல் முட்டை சாயங்காலம் இடுது, மறுநாள் ஒண்ணும் இல்லை, அதுக்கு அடுத்த நாள் மதியம் ரெண்டாவது. சரியா?" சரியாகத்தான் இருந்தது. "பகல்ல ஆண்தான் முட்டை மேல உட்காருது, ராத்திரி பெட்டை. சரியா?" அதுவும் சரி. கூண்டைப் பார்க்காமலே இத்தனை சொல்கிறாரே, இவர் கையில் என் புறா பிழைத்துவிடும் என்று அப்படியே நம்பிவிட்டேன்.

அந்த இடத்தில்தான் ஏமாந்தேன். எல்லாப் புறாவும் அப்படித்தான் இடும். இரண்டு முட்டைக்கும் நடுவில் ஏறக்குறைய 44 மணி நேரம். ஆண் காலை பத்து மணிவாக்கில் ஏறி மாலைவரை உட்காரும், மற்ற நேரமெல்லாம் பெட்டை. யாருடைய கூண்டைப் பற்றிச் சொன்னாலும் பொருந்துகிற விஷயத்தை என் புறாவின் ஜாதகம் மாதிரி வாசித்திருக்கிறார். எனக்கும் தெரிந்த விஷயம்தான், பயத்தில் இருக்கும்போது அதெல்லாம் தோன்றவில்லை.

பணம் முழுவதையும் முன்கூட்டியே கேட்டார். அரை மாதச் சம்பளம். ஒரு பறவைக்கா இவ்வளவு என்று வீட்டில் கேட்டார்கள், சண்டை போட்டுக்கொண்டுதான் அனுப்பினேன். வந்தது வெள்ளைத் தூள், நாற்பது நாளுக்கு. கிளிஞ்சல் தூளும் வைட்டமின் டி3-யும் கலந்தது என்றார். கூடவே இரண்டு கட்டளை: கிண்ணத்தில் வைக்கும் கிரிட்டையும் (தீவனத்தை அரைக்கப் பறவை விழுங்கும் பொடிக்கல்) கிளிஞ்சலையும் எடுத்துவிட வேண்டும், தூளோடு அவையும் சேர்ந்தால் சுண்ணாம்பு அதிகமாகிச் சிறுநீரகம் கெடுமாம். ஆணைப் பிரிக்கவே கூடாது, ஓய்வு கொடுத்தால் மருந்து பிடிக்காதாம். அளவு மீறினால் சிறுநீரகம் கெடும் என்பது உண்மைதான், அந்த ஒரு உண்மையை வைத்தே மற்றதையும் நம்ப வைத்துவிட்டார்.

மூன்றாவது வாரம் தோல் முட்டை வந்தது, ஓடே இல்லாமல் சவ்வு மட்டும். படம் அனுப்பினேன். "பழைய பலவீனம் வெளியேறுது, நல்ல அறிகுறி" என்றார். பெட்டை சோர்ந்து நிற்கிறது என்றேன், அளவை இரட்டிப்பாக்கச் சொன்னார். அடுத்த முறை கேட்டபோது தண்ணீர் மாற்றியது தப்பு, அப்புறம் கேட்டபோது பறவைக்கு வயதாகிவிட்டது. மூன்று வயதுப் புறாவுக்கு என்ன வயது?

அடுத்த முட்டைக்கு நாள் வந்தபோது பெட்டை இறகைச் சிலுப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது. வால் மேலும் கீழும் ஆடுகிறது, முக்குகிறது, கால் ஊன்ற முடியவில்லை. இரவில் அவருக்குப் போன் செய்தேன். "ஊசி போட்டா கருப்பை போயிடும், டாக்டர்கிட்ட போகாதீங்க, காலையில் தானா இட்டுடும்" என்றார். நானும் காத்திருந்தேன். அந்த ஒரு இரவை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?

காலையில் பறவை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். கால்சியம் ஊசி போட்டு, சூடு கொடுத்து எவ்வளவோ பார்த்தார், மதியம் உயிர் போய்விட்டது. பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. முட்டை ஓடு ஏறக்குறைய முழுவதுமே சுண்ணாம்பு. உள்ளே ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க இருந்துதான் ஓடு கட்டும், அதற்கான சத்தைப் பெட்டை தீவனத்திலிருந்தும் தன் எலும்பிலிருந்தும் எடுக்கும். தானியத்தில் சுண்ணாம்பு மிகக் குறைவு, பாஸ்பரஸ்தான் அதிகம், அதனால் கிளிஞ்சல் இல்லாமல் தானியம் மட்டும் தின்கிற பெட்டை தன் எலும்பைத்தான் கரைக்கும். முட்டையை வெளியே தள்ளுகிற தசைக்கும் அதே கால்சியம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஓடும் கட்டாது, தள்ளவும் பலம் இருக்காது. "தூளில் என்ன இருந்ததோ, கிளிஞ்சலை ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மிச்சத் தூளில் வினிகரை ஊற்றினேன். கிளிஞ்சல் தூள் என்றால் பொங்கி நுரைக்க வேண்டும், பக்கத்தில் முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டது நுரைத்தது, இது சும்மா கிடந்தது. தண்ணீரில் கலந்து காய்ச்சினேன், பசை மாதிரி கெட்டியானது. மாவு! அரை மாதச் சம்பளத்துக்கு மாவு வாங்கி, இருந்த கிளிஞ்சலையும் எடுத்துவிட்டு, என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன்.

இதைப் படம் பிடித்து அனுப்பியதும் பதிலே இல்லை. பிறகு ஒரே ஒரு வரி, பொட்டலம் பிரித்தால் பணம் திரும்பாது என்று. குழுவை நடத்துபவரிடம் போனேன், தனிப்பட்ட கொடுக்கல் வாங்கலுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். குழுவில் எழுதினேன், பத்து நிமிடத்தில் பதிவையும் காணோம், என்னையும் நீக்கிவிட்டார்கள். நேற்றும் அதே ஆள் புதுக் குஞ்சுப் படம் போட்டிருந்ததாக நண்பர் சொன்னார்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். யார் என்ன சொன்னாலும் கிளிஞ்சலையும் கிரிட்டையும் கூண்டிலிருந்து எடுக்காதீர்கள், தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். வெயில் படாத கூண்டு என்றால் டி3 தேவை, ஆனால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே கொடுங்கள். ஓடு மெலிந்தால் ஜோடியைப் பிரித்து ஓய்வு கொடுங்கள், முடியாவிட்டால் போலி முட்டை வைத்துப் பதினெட்டு நாளாவது உட்கார விடுங்கள், உடனே அடுத்த முட்டைக்குப் போகாது. பெட்டை தரையில் குந்தி முக்கினால் வெதுவெதுப்பான, இருட்டான பெட்டியில் வைத்து அப்போதே மருத்துவரிடம் போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். வயிற்றை அமுக்காதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் இன்னும் மோசம்.

ஆண் இன்றும் பத்து மணிக்கு முட்டையில்லாத அடைச் சட்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. உங்களில் யாரிடமாவது கிளிஞ்சல் தூள் என்று சொல்லி வாங்கிய வெள்ளைப் பொட்டலம் இருந்தால், இன்றிரவே ஒரு சிட்டிகை எடுத்து வினிகரில் போட்டுப் பாருங்கள்.