நிக்கோட்டின் சூயிங்கமும் தொலைபேசி ஆலோசனையும்: 14 மாதங்களுக்குப் பிறகு என் மதிப்பீடு

22 ஆண்டுகள் புகைத்தவன் நான். கடைசிப் பத்தாண்டுகளில் நாளுக்கு 20 சிகரெட். நிறுத்தி 14 மாதங்கள் ஆகின்றன. எனக்குக் கைகொடுத்தவை இரண்டு: சிகரெட் இல்லாமலே கொஞ்சம் நிக்கோட்டினைக் கொடுத்துத் தவிப்பைத் தணிக்கும் நிக்கோட்டின் சூயிங்கம், புகையிலையை விடுவதற்கு உதவும் இலவசத் தொலைபேசி ஆலோசனை. வாங்கலாமா, அழைக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சூயிங்கத்தை நான் முதலில் வாங்கியது 3 ஆண்டுகளுக்கு முன். மருந்துக்கடையில் பெட்டியைக் கொடுத்தார்கள், மீதிச் சில்லறையையும் கொடுத்தார்கள். எப்படி மெல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சாதாரண சூயிங்கத்தைப் போல விடாமல் மென்றேன். பத்தே நிமிடத்தில் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். மூன்றாம் நாள் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி சிகரெட்டுக்குப் போனேன். இது நமக்குச் சரிப்பட்டு வராது என்று முடிவுகட்டி, அதன்பின் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் எந்த முயற்சியும் செய்யவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஆலோசனை எண்ணை அழைத்தபோதும் தொடக்கம் நன்றாக இல்லை. 11 நிமிடங்கள் காத்திருந்தேன். எடுத்தவர் தாளைப் பார்த்துப் படிப்பதுபோல் கேள்விகளை அடுக்கினார். வைத்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் ஓர் ஆலோசகருக்கு மாற்றினார். அந்தப் பெண்மணி கேட்ட முதல் கேள்வி: “காலையில் கண்விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பீர்கள்?”

ஐந்து நிமிடத்தில் என்றேன். அத்தனை ஆண்டுகளில் எவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் புகைப்பவர்களுக்கு 4 மில்லிகிராம் சூயிங்கம் வேண்டும் என்று விளக்கினார். நான் முன்பு வாங்கியது 2 மில்லிகிராம். போதாத அளவை, தவறான முறையில் மென்றிருக்கிறேன்.

அடுத்த அழைப்பில் சூயிங்கத்தை வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார். “மெதுவாகக் கடியுங்கள். மிளகைக் கடித்ததுபோல் சுருக்கென்று வருகிறதா? நிறுத்துங்கள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள்.” சுருக்கென்ற உணர்வு அடங்கியதும் மறுபடி இரண்டு மூன்று கடி, பிறகு மறுபக்கம் ஒதுக்கல். இப்படியே அரை மணி நேரம். வாயின் உட்தோல் வழியாகத்தான் நிக்கோட்டின் இரத்தத்தில் சேர வேண்டும். வேகமாக மென்று எச்சிலோடு விழுங்கினால் வயிற்றுக்குப் போய் விக்கலையும் எரிச்சலையும்தான் தரும். காப்பி, பழச்சாறு போன்றவை வாயில் அமிலத்தன்மையைக் கூட்டி நிக்கோட்டின் சேர்வதைக் குறைக்கும் என்பதால், மெல்வதற்கு 15 நிமிடங்களுக்கு முன்பிருந்தே எதையும் குடிக்கக் கூடாது. நானோ ஒரு கையில் காப்பியோடு மென்றவன். இந்தச் சூயிங்கத்துக்கான எண்ணமே சுவீடனில், புகைக்க முடியாத நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் புகையிலையை வாயில் அடக்கிச் சமாளித்ததைக் கண்டு 1960களின் இறுதியில் பிறந்தது. ஊவே ஃபெர்னோ என்பவர் அதை உருவாக்கினார். ஆக, தொடக்கத்திலிருந்தே இது வாயில் அடக்கிவைக்க வேண்டிய பொருள். பெட்டியின் மேல் ஒரு சிறு படம் போட்டு இதைக் காட்டியிருக்கலாம். உள்ளே மடித்து வைத்த தாளில், பொடி எழுத்தில் புதைத்து வைத்திருக்கிறார்கள்.

ஆலோசகர் சொன்னபடி மருத்துவரையும் பார்த்தேன். அவர் தோலில் ஒட்டிக்கொள்ளும் 21 மில்லிகிராம் நிக்கோட்டின் பட்டையைச் சேர்த்தார். பட்டை நாள் முழுக்கச் சீராக நிக்கோட்டினைக் கொடுக்கும், திடீரென எழும் தவிப்புக்குச் சூயிங்கம். ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட இரண்டும் சேர்ந்தால் நிறுத்தும் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

மூன்றாம் நாள்தான் மிகக் கடினம். பிழை திருத்துவது என் தொழில். அன்று ஒரே வரியை நான்கு முறை படித்தும் எழுத்துகள் மனத்தில் நிற்கவில்லை. ஒற்றுப்பிழைகளைக் கோட்டைவிட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயமே வந்துவிட்டது. மாலையில் அழைப்பு வந்தது. நான் அழைக்கவில்லை, அவர்களே அழைத்தார்கள். கவனம் சிதறுவது நிக்கோட்டின் குறைவதன் அறிகுறி, முதல் வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும், பிறகு தணியும் என்றார் ஆலோசகர். இது எனக்கு மட்டும் நேர்வது இல்லை என்று தெரிந்ததே அன்றைய இரவைக் கடத்தப் போதுமாக இருந்தது.

19ஆம் நாள் ஒரு சிகரெட் பிடித்துவிட்டேன். எல்லாம் போயிற்று என்று குரல் உடைய அழைத்தேன். “எத்தனை?” என்றார். ஒன்று என்றேன். “பழைய கணக்குப்படி 19 நாளில் 380 பிடித்திருப்பீர்கள். இன்று ஒன்று. பட்டையைக் கழற்றாதீர்கள், சூயிங்கம் கையிருப்பு எவ்வளவு என்று பாருங்கள்” என்றார். அந்த மாதம் வேறு சிகரெட்டைத் தொடவில்லை. அதன் பிறகும் இல்லை.

புகையிலையை வாயில் அடக்கும் பழக்கமுள்ள என் சக ஊழியருக்கும் அதே எண்ணைக் கொடுத்தேன். சிகரெட்டுக்கு மட்டும்தான் என்று அவர் நினைத்திருந்தார். அவருக்கு இப்போது ஆறாவது வாரம்.

சூயிங்கத்தில் சில குறைகள் உண்டு. கெட்டியாக இருப்பதால் தாடை வலிக்கும், பொய்ப்பல் வைத்திருப்பவர்களுக்குச் சிரமம். நான் முதல் ஆறு வாரங்கள் ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என மென்று, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் 12ஆம் வாரத்தில் நிறுத்தினேன். தவிப்பு குறைந்துவிட்டதே என்று முன்கூட்டியே நிறுத்திவிடாதீர்கள்.

சூயிங்கத்துக்கு 5க்கு 3 புள்ளிகள். முறையாகக் கற்றுக்கொண்டு மென்றால் 4. ஆலோசனைச் சேவைக்கு நாலரை. இரவு 8 மணிக்கு மூடிவிடுகிறார்கள், எனக்குத் தவிப்பு அதிகமாக வந்தது சாப்பிட்ட பின், 9 மணிக்கு. அரைப் புள்ளியை அதற்காகத்தான் குறைத்தேன்.